180 ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவர் தரும் கேப்சூலை நம்பலாமா?

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வாப்பாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஹெபடைடிஸ் பி உடம்பில் இருந்தது இத்தனை வருடமாக யாருக்கும் தெரியவில்லை. இப்போது கல்லீரல் சுருங்கிப்போய், அதில் நாலு சென்டிமீட்டரில் ஒரே ஒரு கட்டி என்று சிடி ஸ்கேன் ரிப்போர்ட் சொல்கிறது. துபாயில் இருக்கும் மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு ஆராய்ச்சியாளரைப் பற்றிய பக்கத்தை அனுப்பியிருக்கிறார்: புற்றுநோய், கல்லீரல் நோய் இரண்டிலும் சேர்த்து 180-க்கு மேல் கட்டுரைகள், எச்-இண்டெக்ஸ் 29, மண்டபம் கடல்பாசியும் கீழாநெல்லியும் சேர்ந்த ஒரு கேப்சூல். மூன்று மாதம் அதைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் மதுரைக்கோ சென்னைக்கோ போகலாம் என்று வீட்டில் பேச்சு. "இவ்வளவு எழுதியவர் பொய் சொல்வாரா?" என்பது தம்பியின் கேள்வி.

அவர் பொய் சொல்கிறாரா என்பதில்லை தம்பி நீங்கள் உண்மையில் கேட்பது. அந்தப் பட்டியல் நிஜமா, நிஜம் என்றால் அது வாப்பாவின் கட்டிக்கு எந்த வகையில் சம்பந்தம், அதை நம்பி மூன்று மாதம் காத்திருக்கலாமா என்பதுதான் கேள்வி. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்க நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை: காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே கிளம்புங்கள்.

நான் மருத்துவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத் துறையில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று, இப்போது மண்டபம் பக்கம் இருக்கிறேன். முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பதும், வெளியீட்டுக்குப் போகும் கட்டுரைகளில் எண்கள் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும், நெறிமுறைக் குழுவில் உட்கார்ந்து "இந்த ஆய்வில் நோயாளிக்கு என்ன லாபம்" என்று கேட்டுக் கெட்ட பெயர் வாங்குவதும்தான் என் வேலையாக இருந்தது. ஆகவே கட்டுரைப் பட்டியலை எப்படிப் படிப்பது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். வாப்பாவுக்கு எந்தச் சிகிச்சை என்பதை அவரது ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் கையில் வைத்திருக்கும் கல்லீரல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஏன் அவசரம் என்பதை ஒரு கட்டுரையை வைத்தே சொல்கிறேன். 1996-இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் மஸ்ஸஃபெர்ரோ என்ற அறுவை மருத்துவரின் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. அதில் இருந்த நோயாளிகள் 48 பேர்தான். கல்லீரல் சுருக்கத்தோடு சின்னக் கட்டி உள்ளவர்களுக்குக் கல்லீரல் மாற்று அறுவை செய்து பார்த்தார்கள். நாலு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் சுமார் 75 சதவீதம். அதற்கு முன்னால் புற்றுநோய்க்காகக் கல்லீரல் மாற்றினால் நோய் திரும்பி வந்து பலர் இறந்துபோனதால், அந்த வழியே வேண்டாம் என்று பலரும் ஒதுங்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்குச் செய்தால் பலன் இருக்கும் என்பதற்கு இந்தக் குழு போட்ட கோடுதான் முக்கியம்: ஒரே கட்டி என்றால் 5 சென்டிமீட்டருக்குள், இரண்டு மூன்று என்றால் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள், ரத்தக் குழாய்க்குள் பரவியிருக்கக் கூடாது. மிலான் அளவுகோல் என்று இன்றைக்கும் உலகம் முழுவதும் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். வாப்பாவின் கட்டி நாலு சென்டிமீட்டர், ஒன்றே ஒன்று. அதாவது ஸ்கேனில் வேறு எதுவும் இல்லை என்றால் அவர் கோட்டுக்கு உள்ளே இருக்கிறார். வெட்டி எடுப்பதா, ஊசி வழியாகச் சூடுவைத்துப் பொசுக்குவதா, கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை அடைப்பதா, மாற்று அறுவையா என்று மருத்துவர்கள் யோசிக்க இன்னும் இடம் இருக்கிறது. மூன்று மாதத்தில் நாலு சென்டிமீட்டர் கட்டி ஐந்தைத் தாண்டலாம், தாண்டாமலும் போகலாம். எல்லாக் கட்டியும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. தாண்டாது என்று பந்தயம் கட்டுவதற்கு இது இடமில்லை.

48 பேரை வைத்து எழுதிய அந்த ஒரு கட்டுரை இன்று வாப்பாவின் சிகிச்சையை முடிவு செய்கிறது. 180 கட்டுரையில் ஒன்றுகூட அப்படிச் செய்யாமல் இருக்க முடியும். எண்ணிக்கையைப் பற்றி எனக்குத் தெரிந்த பெரிய விஷயம் இதுதான், மற்றதெல்லாம் விளக்கம்.

சரி, பட்டியலுக்கு வருவோம். முதலில் அந்த 180 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் பப்மெட் என்ற தளம் இலவசம், யார் வேண்டுமானாலும் தேடலாம். கூகுள் ஸ்காலரும் இலவசம்தான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மருத்துவ இதழ்களைப் பெரும்பாலும் வடிகட்டித்தான் பப்மெட் சேர்க்கிறது. ஸ்காலர் கருத்தரங்கச் சுருக்கம், ஆய்வேடு, எங்கோ ஒரு கல்லூரித் தளத்தில் கிடக்கும் பிடிஎஃப் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். ஸ்காலர் பக்கத்தை அவரவரே திறந்துகொள்கிறார்கள், அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரை தானாக வந்து சேர்ந்தாலும் நீக்கவேண்டிய பொறுப்பு அவர்களுடையதே. நம் பக்கத்துப் பெயர்களில் இது பெரிய தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும். எஸ். முகமது இப்ராகிம் என்று ஒருவர் இருந்தால், ஒரு இதழ் அவரை இப்ராகிம் எஸ்எம் என்று போடும், இன்னொன்று முகமது இப்ராகிம் எஸ் என்று போடும். ஒரே ஆள் இரண்டாகப் பிரிந்துவிடுவார். குமார் எஸ் என்று தேடினாலோ எதிர்த்திசையில் சிக்கல், இந்தியா முழுக்க இருக்கும் எத்தனையோ குமார்கள் ஒரே ஆளாகக் குவிந்து நிற்பார்கள். இதைத் தீர்க்கத்தான் 2012-இல் ஆர்கிட் என்று 16 இலக்க அடையாள எண் ஒன்று வந்தது. உண்மையான ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் அதை வைத்திருப்பார், கேட்டால் தருவார். பெயரோடு ஊரையும் நிறுவனத்தையும் சேர்த்துத் தேடுங்கள். 180 என்பது பாதியாகக் குறைந்தால் ஆச்சரியப்படாதீர்கள், அதை வைத்து உடனே மோசடி என்றும் முடிவு கட்டாதீர்கள்.

எச்-இண்டெக்ஸ் 29 என்றால், அவரது கட்டுரைகளில் 29 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 29 தடவை மற்ற கட்டுரைகளில் மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள், அவ்வளவுதான். ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் கொண்டுவந்த கணக்கு இது. தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டினாலும் ஏறும். தவறு என்று சொல்வதற்காக மேற்கோள் காட்டினாலும் ஏறும். அவர் பெரிய குழுவில் இருபதாவது பெயராக இருந்தாலும் ஏறும். வயது கூடக் கூட ஏறும், இறங்கவே இறங்காது. எவ்வளவு பேர் எடுத்துப் படித்தார்கள் என்பதை இது கொஞ்சம் காட்டும். நோயாளி பிழைத்தாரா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

அடுத்து, அவர் பெயர் வரிசையில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மருத்துவ ஆராய்ச்சியில் பொதுவாக முதல் பெயர்தான் வேலையைச் செய்து எழுதியவர், கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்துபவர். நடுவில் வருபவர்களில் உயிரைக் கொடுத்து உழைத்தவரும் இருப்பார், துறைத் தலைவர் என்பதால் மரியாதைக்குப் போட்ட பெயரும் இருக்கும். வெளியிலிருந்து பிரித்துப் பார்ப்பது கஷ்டம். கல்லீரல் துறையிலேயே இதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. ஹெபடைடிஸ் சி வைரஸைக் கண்டுபிடித்த கட்டுரை 1989-இல் வந்தது. முதல் பெயர் குய்-லிம் சூ, அடுத்தது ஜார்ஜ் குவோ, கடைசிப் பெயர் மைக்கேல் ஹௌட்டன். 2013-இல் ஹௌட்டனுக்குக் கனடாவின் கெய்ர்ட்னர் விருதைக் கொடுத்தபோது, சூவுக்கும் குவோவுக்கும் இல்லாமல் எனக்கு மட்டும் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 2020-இல் நோபல் வந்தது, ஆல்ட்டர், ஹௌட்டன், ரைஸ் மூவருக்கும். நோபலில் ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பகிர முடியாது, அதை வாங்கிக்கொண்டார். முதல் பெயராக நின்ற சூவுக்குக் கிடைக்கவில்லை. உலகமே கொண்டாடிய கண்டுபிடிப்பிலேயே யார் எவ்வளவு செய்தார்கள் என்பதில் இவ்வளவு வழக்கு இருந்தால், நமக்கு வாட்ஸ்அப்பில் வரும் பட்டியலில் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

இந்தியாவில் இன்னொரு கூத்தும் உண்டு. மருத்துவக் கல்லூரியில் பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்று விதி. விதி வந்ததும் கட்டுரை வந்தது. கட்டுரைக்குக் காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்களும் வந்தன. என் மேசைக்கு எதிரே மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "சார், பி வேல்யூ 0.05-க்குக் கீழே வரலை, ஏதாவது பண்ண முடியுமா?" என்று கேட்காத மாணவர்கள் குறைவு. முடிவு வெறும் தற்செயலால் வந்ததா என்று பார்க்க வழக்கமாக வைக்கும் கோடு அது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பாவம், கடைசித் தேதிக்குப் பயந்தவர்கள். உலக அளவிலும் நிலைமை அழகாக இல்லை: 2023-இல் மட்டும் ஹிண்டாவி என்ற வெளியீட்டு நிறுவனத்தின் இதழ்களிலிருந்து 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. பப்மெட்டில் அப்படித் திரும்பப் பெற்ற கட்டுரைக்கு மேலேயே எச்சரிக்கை இருக்கும், அதை மட்டும் பார்க்கத் தவறாதீர்கள்.

இதெல்லாம் வெளி வேலை. உள்ளே போனால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கட்டுரையில் மருந்து யாருக்குக் கொடுக்கப்பட்டது? செல்லுக்கா, எலிக்கா, மனிதருக்கா?

மண்டபம் கடல்பாசி பற்றிய கட்டுரைகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன், ஊர்ப் பாசம். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கி முங்கி எடுக்கும் பாசி, அவர்களுக்குத் தெரியாமலே உலகத்து இதழ்களில் எல்லாம் வலம்வருகிறது. கட்டக்கோரை என்று நாம் சொல்லும் சர்காசம் பாசியை உலர்த்தி, பொடியாக்கி, மெத்தனாலில் சாறு எடுத்து, ஹெப்-ஜி2 என்ற செல்லின் மேல் ஊற்றுவார்கள். 96 குழி உள்ள சின்ன பிளாஸ்டிக் தட்டு. மஞ்சள் சாயம் ஒன்றைச் சேர்த்தால் உயிரோடிருக்கும் செல் அதை ஊதாவாக்கும், செத்தது ஆக்காது. ஊதா குறைந்தால் "புற்றுநோய்ச் செல்லைக் கொன்றது" என்று தலைப்பு வரும். பொய் இல்லை, செல் செத்தது நிஜம். ஆனால் அந்தக் குழியில் உப்பை அதிகமாகப் போட்டாலும் செல் சாகும். அப்புறம் இந்த ஹெப்-ஜி2 அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுப் பையனின் கல்லீரல் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த செல் வகை. குழந்தைகளுக்கு வரும் ஹெபடோபிளாஸ்டோமா என்ற கட்டி அது என்று பின்னாளில் தெளிவானது. வாப்பாவுக்கு வந்திருப்பது போன்ற, சுருங்கிய கல்லீரலில் வைரஸால் வரும் பெரியவர்களின் புற்றுநோய் அது இல்லை.

அளவையும் பாருங்கள். இந்த மாதிரிக் கட்டுரைகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் சாறு ஊற்றிப் பாதிச் செல்கள் செத்தன என்று இருந்தால், ஒரு கணக்குப் போடுங்கள். மனித உடம்பில் ரத்தம் சுமார் 5 லிட்டர். அதே அடர்த்தி ரத்தத்தில் வரவேண்டும் என்றால் ஒரு கிராம் சாறு நேராக ரத்தத்துக்குள் போய்ச் சேர வேண்டும், வயிற்றில் செரிக்காமல், குடலில் நின்றுவிடாமல், சிறுநீரில் போகாமல். கேப்சூல் 500 மில்லிகிராம், அதிலும் பெரும்பகுதி ரத்தத்தை எட்டிப்பார்க்கவே பார்க்காது. தட்டில் நடந்தது உடம்பில் நடக்க வழியே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. நடந்ததாக யாரும் இன்னும் காட்டவில்லை என்று அர்த்தம்.

கடலிலிருந்து புற்றுநோய் மருந்து வராது என்றும் சொல்லமாட்டேன், வந்திருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சைட்டராபின் கரீபியக் கடல் பஞ்சு ஒன்றில் கிடைத்த பொருளைப் பார்த்து உருவானது. மார்பகப் புற்றுநோய்க்கான எரிபுலின் ஜப்பான் கடல் பஞ்சிலிருந்து கிடைத்த மூலக்கூறை மாற்றிச் செய்தது. அந்த மூலக்கூறு கிடைத்து இருபது வருடத்துக்கும் மேலாகி, 2010-இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தட்டுக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் அவ்வளவு தூரம்.

எலிக் கட்டுரைகள் ஒரே அச்சு. விஸ்டார் எலிக்குக் கார்பன் டெட்ராகுளோரைடையோ பாராசிட்டமாலையோ அதிகமாகக் கொடுத்துக் கல்லீரலைக் கெடுப்பார்கள், கூடவே மூலிகையைக் கொடுப்பார்கள், எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை எண்கள் குறைந்தால் "கல்லீரலைக் காக்கும்" என்று முடிப்பார்கள். ஒரு வாரத்தில் விஷம் வைத்துக் கெடுத்த எலியின் கல்லீரலும், முப்பது வருடம் வைரஸ் தங்கிச் சுருக்கிய மனிதக் கல்லீரலும் ஒன்றாகாது. எஸ்ஜிபிடி குறைவது நல்ல செய்தியாக இருக்கலாம், கட்டியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சிரோசிஸ் என்ற கல்லீரல் சுருக்கம் முற்றியவர்களுக்கு அது நார்மலாகவே இருப்பதும் உண்டு.

கீழாநெல்லிக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மச்சான் அனுப்பியதில் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுப்பது நம் வீடுகளில் பழக்கம். ஹெபடைடிஸ் ஏ, இ வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே சில வாரங்களில் சரியாகிவிடும், ஆகவே மருந்து எதுவானாலும் அதற்குப் பேர் கிடைத்துவிடும். ஆனால் இது வெறும் பாட்டி வைத்தியக் கதையாக நிற்கவில்லை. ஹெபடைடிஸ் பி-யின் மேற்பரப்புப் புரதத்தைக் கண்டுபிடித்து, அதற்காக 1976-இல் நோபல் வாங்கிய பிளம்பர்க், கீழாநெல்லியில் ஆர்வம் கொண்டார். 1987-இல் அவரும் வெங்கடேஸ்வரன் முதலானவர்களும், மர்மோட் வகைக் கொறிவிலங்குக்கு வரும் இதே குடும்பத்து வைரஸை இந்தச் செடியின் சாறு அடக்குவதாக எழுதினார்கள். 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் முதல் பெயராகவும் பிளம்பர்க் கடைசிப் பெயராகவும் லான்செட் என்ற பெரிய மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில் 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து மேற்பரப்புப் புரதம் மறைந்தது, அதாவது 59 சதவீதம். வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். சாதாரணமாக வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்கு மறையும் விஷயம் இது. உலகமே திரும்பிப் பார்த்தது. நம் ஊர்ச் செடி, நம் ஊர் விஞ்ஞானிகள், லான்செட், நோபல் பரிசாளர், இதைவிட நல்ல கட்டுரைப் பட்டியல் யாருக்கு அமையும்?

அப்புறம் மற்றவர்கள் செய்து பார்த்தார்கள். தாய்லாந்தில் செய்த குழு 1990-இல், பலனில்லை என்று அதே லான்செட்டில் எழுதியது. நியூசிலாந்தில் பார்த்தவர்களுக்கும் பலன் கிடைக்கவில்லை. செடியின் வகை வேறு, பறித்த பருவம் வேறு, நோயாளிகள் வேறு என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். அவற்றில் சிலது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த 59 சதவீதம் நம்பும்படியாகத் திரும்ப வரவில்லை. 2011-இல் காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து, இதை ஹெபடைடிஸ் பி-க்கு மருந்தாகச் சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை என்றது. முதல் கட்டுரையிலேயே அவர்கள் இதை ஆரம்பநிலை ஆய்வு என்றுதான் சொல்லியிருந்தார்கள், அது நேர்மை. என் தொழில் புத்திக்கு இன்னொன்றும் உறுத்தும்: ஒரு பக்கம் 37, இன்னொரு பக்கம் 23 என்று இருந்தால், மீதிப்பேர் எங்கே போனார்கள் என்று என் கண் தானாகத் தேடும். பாதியில் வராமல் போனவர்களின் கதை தெரியாமல் சதவீதத்தை முழுசாக நம்பமுடியாது. இவ்வளவும் வைரஸைப் பற்றிய பேச்சு. கட்டியைக் கரைக்கும் என்று அந்தக் கட்டுரைகூடச் சொல்லவில்லை.

உறுதியானவை என்று எதைச் சொல்லலாம்? தைவானில் பீஸ்லி குழு 22,707 ஆண்களைப் பல வருடம் பின்தொடர்ந்து 1981-இல் எழுதியது: ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு இல்லாதவர்களைவிட 200 மடங்குக்கும் மேல். 1984-இல் அதே தைவான் பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தது. 1997-இல் வந்த கட்டுரை, 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70-இலிருந்து 0.36 ஆகக் குறைந்ததைக் காட்டியது. வைரஸை அடக்கும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் குறைக்கின்றன, வந்தபிறகும் மீதிக் கல்லீரலைக் காக்க உதவுகின்றன. முற்றிய கட்டிக்கு முதன்முதலில் ஆயுளைக் கூட்டிக் காட்டிய மாத்திரை சொராஃபெனிப். 2008-இல் வந்த அந்த ஆய்வில் 602 பேர். மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிப்பேர் 10.7 மாதம் தாண்டினார்கள், சாப்பிடாதவர்களில் பாதிப்பேர் 7.9 மாதம். வித்தியாசம் மூன்று மாதத்துக்கும் குறைவு, அதற்கே உலகம் முழுவதும் கைதட்டினார்கள். 2020-இல் இரண்டு ஊசி மருந்துகள் சேர்ந்து சொராஃபெனிபையும் தாண்டின. இவ்வளவு கஷ்டப்பட்டு மாதக்கணக்கில் முன்னேறும் ஒரு நோயில், மூன்று மாதக் கேப்சூல் கட்டியையே கரைக்கும் என்றால் அது அடுத்த நோபல். அதை வாட்ஸ்அப்பில் விற்கவேண்டிய அவசியம் இருக்காது.

பெரிய இடத்துப் பட்டியலே பொய்த்துப்போனதும் உண்டு. அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் இருந்த அனில் பொட்டி, கட்டியின் மரபணுவைப் பார்த்தே எந்தப் புற்றுநோய் மருந்து வேலை செய்யும் என்று சொல்லலாம் என 2006-இல் பெரிய இதழில் எழுதினார். பேகர்லி, கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் அந்தத் தரவை எடுத்துக் கணக்குப் போட்டால் விடை வரவில்லை. அவர்கள் எழுதினார்கள், கேட்டார்கள், நிஜ நோயாளிகளை வைத்து ஆய்வு நடந்துகொண்டுதான் இருந்தது. கடைசியில் 2010-இல், ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கத் தரும் பெருமைமிக்க ரோட்ஸ் உதவித்தொகை பெற்றவர் என்று அவர் தன்னைப் பற்றி எழுதியிருந்தது பொய் என்று வெளியான பிறகுதான் எல்லாம் சரிந்தது. கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன, 2015-இல் அமெரிக்க அரசின் விசாரணை அமைப்பு ஆராய்ச்சி முறைகேடு என்றே அறிவித்தது. எண்களைப் பார்த்துச் சொன்னபோது கேட்காதவர்கள் பயோடேட்டாவைப் பார்த்துக் கேட்டார்கள், என் தொழில்காரர்களுக்கு இதில் இன்னும் ஆறாத வருத்தம்.

மச்சான் அனுப்பிய பக்கத்தில் இருப்பவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. 180-உம் ஒழுங்கான செல், எலிக் கட்டுரைகளாக இருக்கலாம், நல்ல ஆராய்ச்சியாளராகவும் இருக்கலாம். ஆனால் கேப்சூல் என்று வந்துவிட்டால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்தக் கேப்சூலை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு) பதிவு எண் என்ன? இந்தியாவில் மருந்துப் பரிசோதனை எதையும் அந்த அரசுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதியவேண்டும், 2009-இலிருந்து கட்டாயம். எண்ணைக் கொடுத்தால் தளத்தில் போட்டுப் பாருங்கள், எத்தனை நோயாளிகள், எந்த ஆஸ்பத்திரி, எதோடு ஒப்பிடுகிறார்கள் எல்லாம் இருக்கும். ஆய்வு நடக்கிறது, நீங்களும் சேரலாம், ஆனால் மருந்துக்குப் பணம் கட்டவேண்டும் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பரிசோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவது நெறிமுறைக்கு விரோதம். "மூலிகைதானே, கெடுதல் செய்யாது" என்று வீட்டில் யாராவது சொன்னால், 2021-இல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் கொடி சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்த 6 பேரைப் பற்றி எழுதியதைச் சொல்லுங்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, விவாதம் நடந்தது, உண்மைதான். ஏற்கெனவே சுருங்கிய கல்லீரலை வைத்துக்கொண்டு அந்த விவாதத்தில் வாப்பா கலந்துகொள்ள வேண்டாம்.

கட்டுரைப் பட்டியலால் சொல்லவே முடியாத விஷயங்களும் இருக்கின்றன. நல்ல கைராசி அறுவை மருத்துவர் பத்துக் கட்டுரைகூட எழுதாமல் இருப்பார். ஆகவே மதுரையிலோ சென்னையிலோ நீங்கள் பார்க்கப்போகும் மருத்துவரின் பெயரைப் பப்மெட்டில் போட்டுவிட்டு ஒன்றும் வரவில்லையே என்று பயப்படாதீர்கள். அங்கே கேட்கவேண்டியது வேறு: கல்லீரல் மருத்துவர், அறுவை மருத்துவர், கதிரியக்க நிபுணர், புற்றுநோய் மருத்துவர் எல்லோரும் சேர்ந்து ஸ்கேனைப் பார்த்து முடிவு எடுப்பார்களா, இந்த மாதிரி நோயாளிகளை அங்கே தொடர்ந்து பார்க்கிறார்களா. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் காட்டிப் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்குப் போகலாம். மாற்று அறுவை வரைக்கும் போகவேண்டியிருந்தால் சென்னை ஸ்டான்லியில் அரசுத் தரப்பிலேயே செய்கிறார்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் அதற்கு இடம் உண்டு. கார்டு இல்லை என்றால் இன்றைக்கே விசாரியுங்கள்.

போகும்போது சிடி ஸ்கேனின் ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துப்போகாமல் படங்கள் உள்ள சிடி வட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், அவர்கள் படத்தைத்தான் பார்க்க விரும்புவார்கள். பிலிருபின், ஆல்புமின், ஐஎன்ஆர், பிளேட்லெட், ஏஎஃப்பி, ஹெபடைடிஸ் பி வைரஸ் அளவு, எடுத்தவரைக்கும் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் தேதிவாரியாக வையுங்கள். இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: உம்மா, நீங்கள், உங்கள் கூடப்பிறந்தவர்கள், வாப்பாவின் கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இது குடும்பத்துக்குள், முக்கியமாகப் பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும் வைரஸ். இல்லை என்றால் தடுப்பூசி, இருந்தால் இப்போதே கண்காணிப்பு. 2018-இல் ஆரம்பித்த தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். துபாய் மச்சான் வாப்பாவின் ரத்த உறவாக இருந்தால் அவரும் அங்கேயே பார்த்துக்கொள்ளட்டும், பட்டியல் அனுப்பிய அக்கறைக்கு அதுதான் சரியான பதில். கேப்சூலை ஏற்கெனவே கொடுக்க ஆரம்பித்திருந்தால் டாக்டரிடம் திட்டு விழும் என்று மறைக்காதீர்கள், டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.